கூண்டுக்கு அடியில் பார்த்தவர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஜப்பான் சண்டை மலாயாவில் தெற்கே இறங்கி வந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவர் மகள் வளர்த்த நான்கு முயல்கள் பங்களாவுக்குப் பின்னால் கூண்டிலேயே இருந்தன.

2. சில வாரங்களில் ஒரு ஜப்பானிய ராணுவ டாக்டர் அந்தப் பங்களாவுக்குக் குடி வந்தார். முயலைக் கறி வைக்கச் சொல்வார் என்று சமையல்காரர் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். டாக்டர் கூண்டைத் திறந்து, ஒரு காது மட்டும் கறுப்பாயிருந்த முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

3. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அக்காவிடம் முயல்களை ஒப்படைத்தார். அக்காவின் வீட்டுக்காரரைப் புல் வெட்டும் ஆளாக வைத்து, சிவப்பு முத்திரை குத்திய காகிதம் ஒன்று கொடுத்தார்.

4. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எழுதத் தொடங்கினார்கள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஆண்கள் லாரி லாரியாகப் போனார்கள். காகிதம் இருந்ததால் புல் வெட்டுபவரின் பேரை எழுதவில்லை.

5. ஒரு முயல் செத்தது. காரணம் நான்.

6. மற்ற மூன்றும் பிழைத்தன. ஆனால் காகிதம் நிலைக்காது என்பதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவர் அக்கா.

ஆறும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அக்கா எப்படிப்பட்டவர் என்பது அவற்றில் எங்கும் இல்லை. அதற்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

சிகாமட்டுக்கு வெளியே இருந்தது எங்கள் தோட்டம். நான் அங்கே நர்ஸ். மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்க்கவும் பயிற்சி பெற்றிருந்தேன். எல்லாரும் என்னை மிஸ்ஸி என்பார்கள், அக்காவும் அப்படித்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனிகள் வெளிறிக் கிடக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். சட்டைக் காலரைப் பார்ப்பார், அக்குளைப் பார்ப்பார், முந்தானை நுனியைப் பார்ப்பார். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஒருநாள் ஏழாம் கட்டில்காரர் தனக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போகத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். காய்ச்சல் அட்டையில் நான் கையெழுத்துப் போடும்போது அக்கா ஒரு தலையணை உறையோடு வந்து நின்றார்.

"அந்த ஆளு நல்லாருக்கேன்னு சொல்றாரு. இது வேற சொல்லுது, மிஸ்ஸி."

உறையில் வியர்வை வட்டம் வட்டமாக உப்புப் பூத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தேன். மலேரியாக் கிருமி மொய்த்துக் கிடந்தது.

"மொகம் பொய் சொல்லும்," என்றார் அக்கா. "துணிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது."

அந்தக் கண் என்னையும் விடவில்லை. என் பங்கு அரிசியில் பாதியை நான் டவுனில் இருந்த அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. வெளுத்த சீருடையைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா இடுப்புத் தையலை விரலால் தடவிக் காட்டினார்.

"ரெண்டு தரம் உள்ள புடிச்சுத் தச்சிருக்கீங்க. மூணாவது தரம் தைக்கறதுக்குத் துணி இல்ல." மறுநாள் முதல் என் மேசையில் ஒரு டின்னில் வள்ளிக்கிழங்குக் கீரைக் கூட்டு இருந்தது.

முயல்களை அவர் பார்த்ததும் இதே கண்ணால்தான். காலையில் கூண்டுக்குப் போனால் முயல்களைப் பார்க்கமாட்டார். குனிந்து கூண்டுக்கு அடியில் இருந்த துத்தநாகத் தகட்டைப் பார்ப்பார். ராத்திரி விழுந்த புழுக்கையில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்குவார். காய்ந்த பட்டாணி மாதிரி உருண்டையாக இருந்து, நசுக்கினால் வைக்கோல் தூளாக உதிர வேண்டும். மிளகு போலச் சிறுத்திருந்தாலோ, மயிரில் கோத்த மணிபோலத் தொங்கினாலோ அன்றைக்கு அவர் முகம் மாறும். பிறகு புல்தொட்டியைப் பார்ப்பார். எதைத் தின்றது என்று அல்ல, எது மிச்சம் என்று. கடைசியாகத்தான் முயல்.

"நல்லா குதிக்குதே அக்கா," என்பேன்.

"குதிக்கும். நோவுன்னு காட்டிக்கிட்டா பருந்து தூக்கிரும்னு அதுக்குத் தெரியும். சாவற அன்னைக்குக் காலையிலகூட காதத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கும்."

ஒரு தடவை நான் ஒரு முயல் தன் பின்பக்கத்தில் வாயை வைத்து, பளபளப்பான மென்மையான கழிவை அப்படியே எடுத்து விழுங்குவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நான். பேதி, கிருமி, இதை உடனே தடுக்க வேண்டும் என்று கழுத்தில் அட்டை வளையம் மாட்ட அளவெடுத்துவிட்டேன். அக்கா சோப்பு நுரைக் கையோடு சிரித்தார்.

"அலமாக், மிஸ்ஸி. அது அதோட ரெண்டாம் சாப்பாடு. உள்ள பாதிதான் செமிச்சிருக்கும், திரும்பத் தின்னுதான் சத்து எடுக்கும். அதத் தின்னாம விட்டுக் கெடந்தாத்தான் நாம பயப்படணும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். முயலுக்கு மூக்கடைப்பு இருக்கிறதா என்று தெரிய அவர் மூக்கைப் பார்க்கமாட்டார். முன்னங்கால்களின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். முயல் மூக்கைக் கையால் துடைத்துத் துடைத்து மூக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், கையில் மயிர் ஒட்டிச் சடை பிடித்திருக்கும். மோவாய் ஈரமாக இருந்தால் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேயாவிட்டால் வாயை மூட முடியாது என்று கொய்யாக் குச்சிகளை வெட்டிப் போடச் சொல்வார். தலையை அடிக்கடி உதறினால் காதுக்குள் பழுப்பாய்ப் பொருக்கு இருக்கும், தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து எடுப்பார். கம்பித் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்னங்கால் அடிப்பாதம் சிவக்கும் என்று பழைய பாய்த் துண்டுகளைப் போட்டிருந்தார். வால் பக்கம் ஈரமாக இருந்தால் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பார்.

இவ்வளவு பார்த்ததற்கு அன்பு மட்டும் காரணம் என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. கூண்டில் முயல் இருக்கும்வரைதான் அவர் வீட்டுக்காரர் புல் வெட்டும் ஆள். முயல் இல்லையென்றால் அவர் வெறும் ஆள், அடுத்த லாரியில் சயாமுக்குப் போவார். போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அக்கா காலையில் குனிந்து தகட்டைப் பார்த்தபோது தன் வீட்டுக்காரர் இன்னும் ஒருநாள் இருப்பாரா என்றுதான் பார்த்தார்.

அவர் வீட்டுக்காரர் வாய் பேசாத மாதிரி இருப்பார். புல்கட்டை இறக்கிவிட்டு, "இன்னிக்கு நான் இருக்கேனா?" என்று கேட்பார்.

"இருக்கீங்க, இருக்கீங்க. போய்க் கையக் கழுவுங்க," என்பார் அக்கா.

இனி ஐந்தாவது வரி.

அக்காவுக்கு மலேரியா வந்து பெண்கள் வார்டில் படுத்தார். முயல்களை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பல் கிட்டிக்கிற குளிரிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புல்லு மட்டும் போடுங்க, மிஸ்ஸி. பாவம்னு வேற எதுவும் போட்டுறாதீங்க," என்றார்.

முதல் நாள் புல் மட்டும் போட்டேன். இரண்டாம் நாள் சாம்பல் நிற முயல் பின்னங்காலில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. என் கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அரிசி கிடைக்காத அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் கிழங்கைத் தின்றுதான் உயிரோடு இருந்தோம். யாருக்காவது ஒன்று கொடுப்பதென்றால் கிழங்குதான் கொடுப்போம். பாதியை முயலுக்குக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றது.

மறுநாள் அது மூலையில் குந்தி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிறு மத்தளம்போல இறுகியிருந்தது. வயிறு கெட்டால் எங்கள் வீட்டில் என்ன செய்வார்களோ, வார்டில் நான் என்ன செய்வேனோ, அதையே செய்தேன். புல்லை எடுத்துவிட்டேன். நோட்டில் எழுதினேன்: லங்கணம், தண்ணீர் மட்டும். அதற்கு மறுநாளும் குணம் தெரியாததால் பட்டினியை நீட்டித்தேன். ஒழுங்காகச் சிகிச்சை செய்கிறோம் என்ற திருப்திகூட எனக்கு இருந்தது.

அன்று நண்பகல் அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு தடுமாறி வந்து குனிந்தார். சாம்பல் முயலை அதற்குள் தனியாக வைத்திருந்தேன். அதற்குக் கீழே தகடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"எப்பலேருந்து ஒண்ணும் விழல?"

"நேத்திலேருந்து. வயித்துக்கு ஓய்வு குடுத்திருக்கேன்."

அக்கா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "மனுசனுக்கு ஓய்வு குடுக்கலாம் மிஸ்ஸி. அதுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா, உசுரும் நின்னுரும்."

புல்லை அம்மியில் அரைத்து வடிகட்டினோம். நான் ஊசியைக் கழற்றிய சிரிஞ்சைக் கொடுத்தேன். கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். மடியில் கிடத்தி வயிற்றைத் தடவிக்கொடுத்தார். அவருக்கே காய்ச்சல் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. வெயில் சாயும் நேரத்தில் முயல் ஒருமுறை காலை உதைத்து அடங்கியது. அக்கா கூண்டுக் கம்பியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தார். கிழங்கு. அதைச் சுண்டி எறிந்தார்.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டருகே முக்காலி போட்டு உட்காருவார். அந்த ஞாயிறு மூன்று எண்ணினார். நானும் அங்கே நின்றிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தெரிந்த மலாயில் சொன்னார்: தனக்குக் காய்ச்சல், சரியாகப் பார்க்கவில்லை. டாக்டர் அவரை முற்றத்தில் வெயிலில் நிற்கச் சொன்னார். இன்னொன்று செத்தால் புல் வெட்ட ஆள் தேவைப்படாது என்றும் சொன்னார்.

அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். நான் வார்டுக்குள் போய்ப் பாண்டேஜ் துணிகளை எண்ணினேன். எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினேன்.

மத்தியான மணி அடித்த பிறகு அக்கா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்குங்க, மிஸ்ஸி. வெயில்ல விட்டா மொதல்ல காது சூடாவும். அப்புறந்தான் மூச்சு வாங்கும்." பிறகு தண்ணீர் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, நானும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் மூன்றும் நன்றாகவே இருந்தன. தகட்டில் குறையொன்றும் இல்லை. எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் ஒருநாள் துவைக்கும் கல்லில் அக்கா சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மடியில் டாக்டரின் ராணுவச் சட்டை.

"மொயலுக்கு ஒண்ணுமில்ல," என்றார், நான் கேட்காமலே. "இவருக்குத்தான்."

வலது கையின் மணிக்கட்டுப் பட்டியைத் திருப்பிக் காட்டினார். உட்பக்கம் வாய் துடைத்துத் துடைத்து விறைத்துப்போயிருந்தது. அதில் துருப்பிடித்த மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள். பிறகு மூன்று கைக்குட்டைகளைக் காட்டினார். அவற்றை யாரோ முன்பே அவசரமாகத் தண்ணீரில் அலசியிருந்தார்கள். அப்படியும் நடுவில் கறை போகவில்லை.

"தானே ஒளிச்சுத் தொவச்சிருக்காரு. தொவைக்கத் தெரியல. ரத்தத்துக்குச் சுடுதண்ணி ஊத்தக்கூடாது, கறை அப்படியே புடிச்சுக்கும்."

"காசமா இருக்கலாம். சளிய ஸ்லைடுல பாக்காம அப்படி எழுத முடியாது அக்கா."

"நீங்க எழுத வேணாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்." சட்டையை மடித்தார். "டாக்டருக்கே தன் நோவு தெரியாமயா இருக்கும்? காட்டிக்கிட்டா ஊருக்கு அனுப்பிருவாங்க. அதான் காதத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. காகிதத்தில் இருந்தது இவருடைய முத்திரை. நாங்கள் இத்தனை நாள் முயல்களின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தோம். உயிர் தொங்கிக்கொண்டிருந்தது இந்த மனிதரின் மூச்சில். இவர் போய், வேறொருவர் வந்தால் அந்தக் காகிதத்தை அடுப்பில்தான் போட வேண்டும்.

அந்த ஞாயிறு அக்கா கைக்குட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கறையை எடுத்து, பிறகு தனியாகக் கொதிக்கவைத்து, வெளுத்து, தேய்த்து, தனிப் பொட்டலமாகக் கட்டி, சட்டைகளின் மேல் வைக்காமல் தள்ளி வைத்துக் கொண்டுபோனார். நானும் போனேன். இந்த முறை வார்டுக்குள் போகக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

டாக்டர் கறுப்புக் காது முயலை மடியில் வைத்திருந்தார். தனியாக இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அவிழ்த்தார். கறை இல்லை. அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். தன்னை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அக்காவை எங்கே கொண்டுபோவார்கள் என்று எங்களுக்கும் தெரியும்.

அக்கா அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தபடி சொன்னார்: "துவான், சினி ரும்புட் தாக் பாகுஸ்." ஐயா, இங்கே புல் சரியில்லை என்றார்.

பங்களாவைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல் நின்றது. டாக்டர் அதைப் பார்த்தார்.

"நல்ல புல் எங்கே?" என்று மலாயிலேயே கேட்டார்.

"தெற்கே, பெக்கான் நானாஸில். அன்னாசிக் காட்டுப் பக்கம். அங்கே என் நாத்தனார் வீடு."

"எத்தனை நாள்?"

"புல் நல்லதாய்க் கிடைக்கும்வரை, துவான்."

டாக்டர் இருமலை அடக்க வாயை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய், முயலுக்குப் புல் கொண்டுவர இந்த ஆள் ரயிலில் போகலாம், யாரும் தடுக்கக்கூடாது என்று எழுதி, முத்திரை குத்திக் கொண்டுவந்தார். அக்கா செய்தது மிரட்டலா, கெஞ்சலா, அவர் கொடுத்தது பயத்தினாலா, நன்றியினாலா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரர் மறுநாள் ஒரு காலிச் சாக்கோடு ரயில் ஏறினார். அன்றிலிருந்து புல்லை அக்காவே வெட்டினார். டாக்டர் பார்த்தார், கேட்கவில்லை. அதற்குப் பிறகு கைக்குட்டைகள் தனிப் பையில் வந்தன.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் வார்டு நடையிலேயே விழுந்தார். அவரைக் கொண்டுபோக வண்டி வந்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான், கறுப்புக் காது முயல். அக்கா ஒரு மூங்கில் கூடையில் காய்ந்த புல் பரப்பி, கொய்யாக் குச்சிகளைச் செருகினார். என்னைக் கூப்பிட்டு மலாயில் எழுதச் சொன்னார். காலையில் முதலில் கூடைக்கு அடியில் பார்க்க வேண்டும். ஒரு பகல் புழுக்கை விழாவிட்டால் உடனே கவனிக்க வேண்டும். பட்டினி போடக் கூடாது. கிழங்கு கொடுக்கக் கூடாது. கடைசி இரண்டையும் எழுதும்போது என் கை நின்றது. "எழுதுங்க," என்றார் அக்கா.

"அவரு உங்கள வெயில்ல நிக்கவெச்சாரு," என்றேன்.

"ஆமா. மொயலு என்ன செஞ்சிச்சு?"

புதிதாக வந்த அதிகாரி மற்ற இரண்டு முயல்களையும் அந்த வாரமே சமைக்கச் சொன்னார். அடுத்த வாரம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேர்ப் பட்டியலோடு லயத்துக்கு வந்து, புல் வெட்டுகிறவர் எங்கே என்று கேட்டார். அக்கா இரண்டாவது காகிதத்தைக் காட்டினார்.

"புல்லு எடுக்கப் போயிருக்காரு."

"மொயலே இல்ல. யாருக்குப் புல்லு?"

"அது அவருக்குத் தெரியாதே. போனப்ப மூணு இருந்துச்சு."

"எப்ப வருவாரு?"

"நல்ல புல்லு கெடச்சதும்."

கிராணி பட்டியலில் அவர் பேரின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். இரண்டு வாரத்தில் அக்காவும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். துவைக்கும் கல்லின் மேல் என் சீருடை ஒன்றை மடித்து வைத்திருந்தார். இடுப்புத் தையலைப் பிரித்துவிட்டிருந்தார்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. எங்கள் லயங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஜப்பானிய டாக்டர் பிழைத்தாரா என்று தெரியாது, முயலும் அப்படியே. கூண்டு பங்களாவுக்குப் பின்னால் காலியாக இருக்கிறது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பெக்கான் நானாஸில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் அன்னாசி வெட்டுகிறார். சாம்பல் முயலுக்குக் கிழங்கு கொடுத்தது நான்தான் என்று அவர்களுக்கு எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.